வாசலில் ஐந்து பெண்கள்

அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, வெளியே அதிகம் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பசியாறி முடித்த கையோடு அம்மா புடவை மாற்றி, கடன் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பி நின்றார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"இன்னிக்கு மீட்டிங். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அந்த மீட்டிங்கைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. அம்மா ஒரு நுண்கடன் அமைப்பில் 2,000 ரிங்கிட் கடன் வாங்கியிருக்கிறார். இட்லி மாவு அரைத்து விற்கும் தொழிலுக்கு ஒரு கிரைண்டரும் பழைய ஃபிரீசரும் வாங்குவதற்காக எடுத்த கடன். வாரம் 43 ரிங்கிட் வீதம் 50 வாரம் கட்ட வேண்டும். நான் கணக்காய்வாளர். மொத்தம் 2,150 ரிங்கிட், ஆகவே கட்டணம் ஏழரை விழுக்காடு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் வாராவாரம் அசல் குறைந்துகொண்டே வருவதால், உண்மையில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய பதினைந்து விழுக்காடு வட்டிக்குச் சமம். இதை நான் அம்மாவுக்குத் தாளில் போட்டுக் காட்டியிருக்கிறேன். "43 வெள்ளி கட்டறதுக்கு அரை நாளு போகணுமா? ஃபோன்லயே அனுப்பிடலாம்ல?" என்றும் கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் அம்மாவின் பதில் ஒன்றுதான். "நீ ஒரு தடவ வந்து பாரு."

அன்றைக்கு எனக்கு விடுமுறை. கண்ணாடி போட்ட அம்மாவைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

பதினான்கு நிமிடம்

கிள்ளானில் நாங்கள் இருக்கும் மலிவு விலை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய பொது மண்டபம் உண்டு. முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, முப்பது பெண்கள். ஐந்தைந்து பேராக ஆறு குழு. பாதிப் பேர் மலாய்க்காரர்கள், மீதிப் பேர் நம்மவர்கள். அமைப்பின் அதிகாரி இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு மலாய்ப் பெண். குழுத் தலைவி தன் ஐந்து பேரின் பணத்தையும் எண்ணி ஒப்படைக்க, அந்தப் பெண் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். பண வேலை பதினான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

யாரும் எழுந்து போகவில்லை. அதற்குப் பிறகுதான் கூட்டமே தொடங்கியது.

பூக்கட்டி விற்கும் ஓர் அக்காவின் பேத்திக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. அடுத்த ஆண்டு பள்ளியில் சேர்க்க வேண்டும். எந்தெந்தப் பத்திரங்கள் வேண்டும் என்று ஒருவர் சொல்ல, தன் மருமகள் பிள்ளைக்கு இதே பிரச்சினைக்காக ஓராண்டு அலைந்த நாசி லெமாக் மக்சிக் ஒருவர், "வியாழக்கிழமை நானும் கூட வர்றேன், பதிவிலாகாவுல எந்த கவுண்ட்டர்னு எனக்குத் தெரியும்" என்றார் மலாயில். அடுத்து சொக்சோ. இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. 55 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டிச் சேரலாம். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. பிறகு பெக்கா பி40. அரசாங்கத்தின் ரொக்க உதவி பெறும் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசமாக உடல் பரிசோதனை செய்யும் திட்டம் அது. "தனியா போகப் பயமா இருந்தா எட்டுப் பேரா சேர்ந்து போவோம்" என்று ஒருவர் சொல்ல, அங்கேயே நாள் குறித்தார்கள்.

கடைசியில் அம்மாவின் குழுத் தலைவி என்னிடம் வந்தார். "கண்ணு இப்ப எப்படி இருக்கு? அம்மா நாலஞ்சு வாரமா அஞ்சு வெள்ளி நோட்டுன்னு அம்பது வெள்ளியத் தந்துக்கிட்டே இருந்தாங்க. பச்சையும் பச்சையும் குழம்பிப்போச்சு. அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நானே கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

அம்மாவுடன் ஒரே வீட்டில் இருப்பவள் நான். தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிறேன். அம்மாவின் கண்ணில் திரை விழுந்தது எனக்குத் தெரியவில்லை. வாரத்துக்கு ஒரு முறை பார்க்கும் குழுத் தலைவிக்குத் தெரிந்திருக்கிறது.

கூட்டு போன கதை

அம்மா அந்தக் கூட்டத்தை விடாததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

நான் ஐந்தாம் படிவம் படிக்கும்போது அம்மா ஒரு கூட்டில் சேர்ந்திருந்தார். இருபது பேர், மாதம் ஆளுக்கு 150 ரிங்கிட். யார் முறையோ அவருக்கு 3,000 ரிங்கிட் கிடைக்கும். நான் கல்லூரியில் சேரும் மாதத்தைக் கணக்கிட்டு, அம்மா பதினெட்டாவது முறையை எடுத்திருந்தார். பதினாறு மாதம் கட்டி முடித்தபோது, கூட்டு பிடித்த பெண் ஒரே இரவில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவின் 2,400 ரிங்கிட்டும் போனது.

கூட்டு நமக்குப் புதிதில்லை. தோட்டத்து லயங்களிலிருந்தே நம்மோடு வந்தது. மலாய்க்காரர்களும் அதைக் 'கூத்து' என்றே சொல்கிறார்கள். நம் சொல்தான் அவர்கள் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. இத்தகைய நிதிகளைத் தொழிலாக நடத்துவதைத் தடை செய்யும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. வங்கி நம்மைத் திரும்பிப் பார்க்காத காலத்தில் கூட்டுதான் திருமணமும் காதணி விழாவும் நடத்தி வைத்தது. ஆனால் பிடித்தவர் ஓடிவிட்டால் யாரிடம் போய்ப் புகார் செய்வது?

அம்மா யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. என் கல்லூரிப் பணத்துக்காக ஒரு வட்டி முதலையிடம் 3,000 ரிங்கிட் வாங்கினார். மாத வட்டி 600. எட்டு மாதத்தில் 4,800 ரிங்கிட் கட்டிய பிறகும் அசல் அப்படியே நின்றது. வட்டிக்கடைச் சட்டப்படி உரிமம் பெற்றவர்கள் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அம்மா மாதத்துக்கு இருபது விழுக்காடு கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். அம்மா தாலிச் சங்கிலியை விற்றுக் கடனை அடைத்தார். அதன் பிறகு மஞ்சள் கயிறுதான்.

இதையெல்லாம் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். "ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். "எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு" என்றார்.

அந்த எட்டு மாதமும் எங்கள் மாடியில் அம்மாவைப் போலவே கடனை மறைத்துக்கொண்டு எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

கடனோடு சேர்ந்து வந்தவை

நுண்கடன் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் வங்காளதேசத்தின் பேராசிரியர் முகமது யூனுஸ். 1976இல், தாம் பொருளியல் கற்பித்த சிட்டகாங் பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த ஜோப்ரா கிராமத்தில், மூங்கில் முக்காலி செய்பவர்கள் உட்பட 42 பேரின் கடனைக் கணக்கெடுத்தார். எல்லாம் சேர்ந்தே 856 டாக்கா, ஏறக்குறைய 27 அமெரிக்க டாலர்தான். அதைத் தம் கையிலிருந்து கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த கிராமீன் வங்கி 1983இல் முறையாக வங்கியானது. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதை பலருக்குத் தெரியும். கிராமீன் உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்ட பதினாறு தீர்மானங்களைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. ஆண்டு முழுவதும் காய்கறி பயிரிடுவோம், பிள்ளைகளைப் படிக்க வைப்போம், கழிப்பறை கட்டிப் பயன்படுத்துவோம், குழாய்க் கிணற்று நீரோ காய்ச்சிய நீரோதான் குடிப்போம், வரதட்சணை வாங்கவும் மாட்டோம் கொடுக்கவும் மாட்டோம் என்று அந்தப் பட்டியல் போகும். வட்டியைப் பற்றிய பட்டியலாக அது இல்லை. ஒரு குடும்பம் எப்படி வாழ வேண்டும் என்பதைப் பற்றியது.

அதே நாட்டில் சிறுகடனும் கொடுக்கும் பிராக் அமைப்பு, 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பும் வெல்லமும் கலந்த நீரைத் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் அந்தப் பாடம் சென்றது. கற்றுக்கொடுத்த பணியாளருக்கான ஊதியம், தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சோதித்த பிறகே முடிவானது.

நம் நாட்டிலும் இதற்குத் தொடர்ச்சி உண்டு. பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1986இல் வடமேற்குச் சிலாங்கூரில் கிராமீன் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே அமானா இக்தியார் மலேசியா பிறந்தது. கடன் வாங்குபவரை அங்கே 'சஹாபாட்', அதாவது தோழர் என்று அழைக்கிறார்கள். நெடுங்காலமாக அதில் நம் பெண்கள் குறைவு. 2024இல் இந்தியப் பெண்களுக்கென்றே ஐந்து கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டில் 'பெண்' என்ற தமிழ்ப் பெயரோடு அங்கு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே தெக்குன் நேஷனலில் நம் தொழில்முனைவோருக்காக ஸ்பூமி திட்டம் இருக்கிறது.

நம் வரலாற்றிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்மரத் தொழிலாளர்களிடம் சிறு சிறு தொகையாகப் பங்கு சேர்த்தார். கூலி வாங்கியவர்களின் பணம் தோட்டங்களையே வாங்கியது. சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களுக்குத் தாங்கள் ஓர் அமைப்பின் உறுப்பினர் என்ற நிமிர்வும் கிடைத்தது.

பணம் மட்டும் போதுமா?

கணக்காய்வாளர் என்பதால் புள்ளிவிவரம் தேடாமல் என்னால் இருக்க முடியாது. நான் கண்டது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இந்தியா, மொராக்கோ, மெக்சிகோ உட்பட ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. நுண்கடன் கிடைத்தவர்களில் சிலர் தொழிலைப் பெருக்கினார்கள். ஆனால் குடும்ப வருமானம் பெரிதாக உயரவில்லை. பிள்ளைகளின் படிப்பிலும் வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பிலும் பெரிய மாற்றத்தைக் காண முடியவில்லை. கடன் மட்டும் கொடுத்தால் வறுமை தானாக ஒழிந்துவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

இன்னோர் ஆய்வு கொல்கத்தாவில் நடந்தது. கடன் வாங்கிய பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சில குழுக்களை வாரம் ஒரு முறையும் சில குழுக்களை மாதம் ஒரு முறையும் கூட வைத்தார்கள். ஈராண்டுக்குப் பிறகும், வாரம் கூடியவர்கள் ஒருவரையொருவர் அதிகம் சந்தித்தார்கள், கஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ள அதிகம் முன்வந்தார்கள். இரண்டாவது கடனை அவர்கள் கட்டாமல் விடும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு குறைவாக இருந்தது. நான் வீண் என்று நினைத்த அந்த அரை நாள்தான் அவர்களை மாற்றியிருக்கிறது.

அதே வாசல்

அன்றைய கூட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அம்மாவின் குழுவிலிருக்கும் தையல் அக்கா மூன்று வாரமாக வரவில்லை. மற்ற நால்வரும் ஆளுக்குப் பத்து, பதினைந்து வெள்ளி போட்டு அவர் தவணையைக் கட்டியிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் அந்த நால்வரும் மாடிப்படி ஏறினார்கள். அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நானும் ஐந்தாவது ஆளாகப் போனேன்.

ஏறும்போது எனக்குப் பயமாக இருந்தது. ஒரு குழுவிடம் கூட்டுப் பொறுப்பைக் கொடுத்தால் என்னென்ன நடக்கும் என்று படித்திருந்தேன். 2010இல் ஆந்திராவில் நுண்கடன் நிறுவனங்கள் போட்டி போட்டு, ஒரே பெண்ணுக்கு நான்கைந்து கடன் கொடுத்தன. வசூல் நெருக்குதலால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்து, மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. இலங்கையில் போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நம் பெண்கள் இதே வலையில் விழுந்தார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பெண்களின் நுண்கடனை அரசு தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது. அங்கேயும் கடன்பட்டவர் வீட்டு வாசலில் குழு போய் நின்றது, பணம் வைக்கும் வரை நகர மாட்டோம் என்று சொல்வதற்காக. அண்டை வீட்டுப் பெண்களை வைத்தே ஒரு பெண்ணை அவமானப்படுத்தி வசூலிப்பது எந்த நிறுவனத்துக்கும் எளிது, செலவும் இல்லை.

கதவைத் தட்டியது என் அம்மாதான். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார்.

"கதவத் தொற தாயி. காசு கேட்க வரல. சாப்பிட்டியா, அதக் கேட்கத்தான் வந்தோம்."

கதவு திறந்தது. தையல் அக்காவின் கணவர் இரண்டு மாதமாக வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். கைப்பேசிச் செயலி ஒன்றில் ஐந்து நிமிடத்தில் கிடைத்த 1,000 ரிங்கிட் கடன் இப்போது 4,000 ஆகி நின்றது. செயலி அவர் கைப்பேசியிலிருந்த எண்களையெல்லாம் எடுத்து, உறவினர்களுக்குப் படத்தோடு மிரட்டல் அனுப்பிக்கொண்டிருந்தது. இது போதாதென்று கடன் அட்டைப் பாக்கி வேறு. எல்லாவற்றையும் மறைத்து அவர் ஒற்றை ஆளாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் கதவுல சாயம் ஊத்துனாங்க" என்று ஆரம்பித்தார். இத்தனை ஆண்டுகளில் வெளியாட்களிடம் அந்தக் கதையை அம்மா சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

அன்றைக்கே போலீசில் புகார் கொடுத்தோம். உரிமமில்லாத கடனுக்குப் பயந்து கட்டிக்கொண்டே இருப்பதைவிட அதுதான் சரி. கடன் அட்டைப் பாக்கிக்கு ஏகேபிகேவில் முன்பதிவு செய்தேன். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைத்தும் தருவார்கள். நுண்கடன் தவணையைத் தள்ளிப்போட முடியுமா என்று அதிகாரியிடம் குழுத் தலைவி பேசினார். ஒரு மாதம் அவகாசம் கிடைத்தது.

நம்மால் முடிந்தது

அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம்மில் பலருடைய அம்மாவோ அத்தையோ மாமியாரோ இப்படி ஒரு குழுவில் இருப்பார்கள். அவர்களிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? அதே ஆளுக்கு இரண்டாவது கடன், மூன்றாவது கடன் என்று யாராவது தூண்டுகிறார்களா? ஒருவரால் கட்ட முடியாமல் போனால் அந்த அமைப்பு என்ன செய்கிறது? வாசலில் போய் நிற்பவர்கள் என்ன கேட்கிறார்கள்? ஓர் அமைப்பு நல்லதா கெட்டதா என்பதை இந்தக் கடைசிக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு ஒரு முறை கூடவே போய் வாருங்கள். படிவம் நிரப்பத் தெரிந்தவர், பதிவிலாகா இணையப் பக்கத்தைப் புரிந்துகொள்பவர், வரவு செலவு எழுதச் சொல்லிக்கொடுப்பவர் என்று அங்கே தேவைப்படாத படிப்பே இல்லை. நான் இப்போது மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுக்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாவுக் கணக்கும் வீட்டுக் கணக்கும் தனித்தனியாக எழுதுவது எப்படி என்று ஆறு குழுக்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். பூக்கட்டும் அக்காவின் பேத்திக்கு இன்னும் பத்திரம் வரவில்லை. இரண்டு முறை போய் வந்துவிட்டோம். மூன்றாவது முறை நாசி லெமாக் மக்சிக்கும் வருகிறார்.

போன வாரம் தையல் அக்கா திரும்பி வந்தார். பாக்கியில் பாதியைக் கட்டினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

அம்மாவின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியாகிவிட்டது. தவணைப் பணத்தை அன்றைக்கு அம்மாவே எண்ணினார். ஒரு நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குழுத் தலைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இது அஞ்சு. அம்பது வீட்டுலயே இருக்கு."